சுங்கம் காணாதது

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலைய வாசலில் ஜெனிஸ் நிற்பதைப் பார்த்தால், சொந்த அக்காவையும் அத்தானையும் கூட்டிப்போக வந்தவன் என்றுதான் தோன்றும். அவ்வளவு பாசமாகச் சிரிப்பான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சாரதி இல்லாமல் கார் வாடகைக்குக் கொடுப்பது அவன் தொழில். குருநகரில் வீட்டு வாசலிலேயே பலகை மாட்டியிருந்தான்.

கூடவே ஓர் உபதொழிலும் இருந்தது. அதற்குப் பலகை இல்லை.

அன்று சென்னை விமானத்தில் வந்திறங்கிய சிவகரனும் தர்சிகாவும் கனடாக்காரர்கள். காரைத் தொலைபேசியிலேயே பேசி வைத்திருந்தார்கள். சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, பெட்டிகளைக் காரில் ஏற்றும்போதே இருவருக்கும் வாய்த்தர்க்கம் தொடங்கிவிட்டது.

“சுங்கக்காரன் பையைத் திறக்கச் சொல்லேக்கை ஏனப்பா உங்களுக்கு அப்பிடி வேர்த்தது?”

“அடியிலை கை வைக்கேல்லைத்தானே. விடும்.”

“வைச்சிருந்தால்? அம்மாவின்ரை நகை முழுக்க அதுக்குள்ளை…”

“மெல்லக் கதையும். தம்பி நிக்கிறார்.”

தம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. காரின் டிக்கியை மூடுவதில் அவ்வளவு கவனமாக இருந்தான்.

“வழி தெரியாமல் அலையப்போறியள் அண்ணை, நானே கொண்டுபோய் விடுறன்” என்று அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த புத்தூர் வீடுவரை காரை ஓட்டிப் போனான். வேண்டாம் என்றாலும் கேளாமல், பெட்டிகளை அறைவரை தூக்கிச் சென்று வைத்தான். அலுமாரி எந்தப் பக்கம், பின்கதவுக்கு என்ன கொளுக்கி என்பதெல்லாம் உதவி செய்கிறவன் கண்ணில் தானாகவே படும். காரின் திறப்பைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

அவனுடைய கார்களுக்குள் ஒரு சின்னக் கருவி ஒளிந்திருக்கும். கார் எங்கே நிற்கிறது என்று அவனது போனில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். பாதுகாப்புக்காகத்தான். யாருடைய பாதுகாப்பு என்று அவன் விளக்கியதில்லை. புள்ளி தூரத்தில் நிற்கும்போது அவன் வாடிக்கையாளரின் வீட்டில் நிற்பான். இதுவரை ஒருவரும் அவனைச் சந்தேகித்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஏதாவது களவுபோனால், அவர்கள் முதலில் சந்தேகப்படுவது சொந்தக்காரரைத்தான். சிலர் அதோடு உறவையே முறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்கு ஜெனிஸ் என்ன செய்ய முடியும்?

சில நாள் கழித்து சிவகரன் அழைத்தார். “தம்பி, நாளைக்குக் கீரிமலைக்குப் போறம். குளிச்சு, கும்பிட்டு, ஆறுதலாத்தான் வருவம். கார் தாங்கும்தானே?”

“தாராளமாப் போயிட்டு வாங்கோ அண்ணை. பொழுதுபட்டாப்போலை வெளிக்கிட்டாலும் பரவாயில்லை” என்றான் ஜெனிஸ்.

மறுநாள் சிவப்புப் புள்ளி கீரிமலையில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். அசையவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனான்.

பின்கதவுக் கொளுக்கி மரியாதையாகக் கழன்றது. அலுமாரிக்குப் பூட்டே இல்லை. சேலைகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி கனமாக இருந்தது. திறந்தான்.

உள்ளே முழுக்கச் சொக்லேட்.

கட்டிலுக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, குளியலறையில் என்று வீடு முழுக்கத் தேடினான். ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை. நகையையும் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். நம்பிக்கை கெட்ட சனம் என்று அவனுக்கு மனம் வெறுத்துப்போனது. வந்த செலவுக்கு ஒரு சொக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

வீட்டுக்கு வந்தபோதும் புள்ளி கீரிமலையிலேயே நின்றது. பக்தி கூடிய சனம்.

ஆனால் அவன் மனைவி ஜெயனி வெறும் கழுத்தோடு, அழுது வீங்கிய முகத்தோடு கதிரையில் இருந்தாள்.

“தாலிக்கொடி எங்கை?” என்றான்.

“உங்கடை கனடாக்காரர் ஓட்டோவிலை வந்திட்டுப் போகினம்.”

“அவை கீரிமலையிலை எல்லோ?”

“கார்தான் கீரிமலையிலை. திறப்பு மேசையிலை கிடக்கு. அலுமாரிக்கு மேலை கமரா வைச்சிருக்கினமாம். போனிலை காட்டினவை. நீங்கள் கதவைத் தள்ளுறியள், பெட்டியைத் திறக்கிறியள், சொக்லேட் தின்னுறியள். இவ்வளவையும் நான் இஞ்சை இருந்து பாத்தனான்.”

ஜெனிஸ் மேசையிலிருந்த திறப்பை எடுத்துப் பார்த்தான். “கேட்டவையோ, நகையை?”

“வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்லை. பொலிசுக்குப் போறதோ விடுறதோ எண்டு தங்களுக்குள்ளை கவலையாக் கதைச்சவை. நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கொடியையும் காப்பையும் கழட்டிக் குடுத்தனான். நீங்கள் அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சு வைச்ச களவு நகைப் பையையும் குடுத்திட்டன். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?”

“உவங்களை விடக்கூடாது. பொலிசுக்குப் போறன்” என்று வாசல்வரை போனான்.

“போங்கோ. அந்த நேரம் நீங்கள் எங்கை நிண்டனீங்கள் எண்டு கேட்டால் மட்டும் என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு போங்கோ.”

ஜெனிஸ் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஜெயனி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவை தங்கமான சனம், உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. போன மாதம் நீர்கொழும்பிலையும் காலியிலையும் கார் வாடகைக்குக் குடுத்தவையள் இப்பிடித்தான் வந்து அலுமாரியைத் திறந்தவையாம், அவையளையும் காட்டிக் குடுக்கேல்லையாம்.”