இடம் மாறிய வெளிச்சம்

கேமரா பழுதுபார்ப்பவர் குடும்பப் படங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். கேமராவைக் கொண்டுவந்தவர் எதிரே நகம் கடித்தபடி நின்றார்.

"முன்ன எடுத்த பன்னிரண்டு படத்துலயும் அப்பா தலைக்குப் பின்னால வட்டமா ஒரு வெளிச்சம். போன வாரம் எடுத்ததுல அது சித்தப்பா தலைக்குப் போயிடுச்சு. அதுலேர்ந்து வீட்ல ஒரே சண்டை. எப்படியாவது சரிபண்ணுங்க, அண்ணே."

"அன்னிக்கு நடுவுல உட்கார்ந்தது யாரு?"

"சித்தப்பா."

"அப்ப வெளிச்சம் நகரல. ஆள்தான் நகர்ந்திருக்கார்."

பழுதுபார்ப்பவர் லென்ஸைக் கழற்றினார். பின்கதவைத் திறந்து, ஷட்டர் துணிக்குப் பின்னே கைவிளக்கைப் பிடித்தார். கருந்துணியின் நடுவே விடிவெள்ளி போல ஒரு புள்ளி சுடர்ந்தது.

"ஊசிமுனை ஓட்டை. ஃபிலிம்ல எப்பவும் ஒரே இடத்துலதான் ஒளி விழும். ஒரு சொட்டுக் கறுப்புப் பசை வச்சா, இனி யார் தலைக்கும் வராது."

பசை தோய்ந்த குச்சி துணியை நெருங்கியதும் வந்தவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"அடைச்சிடாதீங்க அண்ணே. முதல் படம் வந்த நாள்லேர்ந்து, தனக்கு தெய்வ அருள் கிடைச்சிடுச்சுன்னு அப்பா கோபத்தையே விட்டிருந்தார். இப்ப அருள் தம்பிக்குப் போயிடுச்சுன்னு பழையபடி தட்டு பறக்குது. சித்தப்பாவோ கண்ணுல பட்டவங்களையெல்லாம் ஆசீர்வாதம் பண்ணிட்டுத் திரியறார்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

வந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து தையல் ஊசி ஒன்றை எடுத்துப் பணிவோடு நீட்டினார்.

"பக்கத்துலயே அப்பாவுக்கும் ஒண்ணு போட்டுடுங்க. கொஞ்சம் பெரிசா."