உறை பிரிக்காத தொட்டிகள்

தலைமையாசிரியர் தன் அறையில் மெத்தை நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு வலப்பக்கம், பசைக் குப்பியோடு எழுத்தர். கதவோர முக்காலியில் விளையாட்டு டீச்சர், மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பச்சைக் குப்பைத்தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, உறைகூடப் பிரிக்காமல் கதவு வழியே விழும் வெயிலில் மினுங்குகின்றன. வெளியே மைதானத்தில் மிட்டாய்த் தாள்கள் காற்றோடு சரசரவென்று ஓடுகின்றன. வளாகம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று மேலிடம் கேட்டிருக்கிறது. சுத்தம் டீச்சரின் பொறுப்பு. “என் கவனக்குறைவுதான்னு ரெண்டு வரி எழுதிடுங்க டீச்சர். நான் குடுத்த மாதிரியப் பாத்தே எழுதுங்க. இல்லேன்னா மாத்தல் வரும்” என்கிறார் தலைமையாசிரியர். “வரட்டும் சார். தொட்டிய வெளிய வைங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுது.” “வெச்சா அழுக்காயிடும்மா. பார்வையிட வர்றவங்க என்ன நினைப்பாங்க?” “தொட்டிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம் டீச்சர்” என்று எழுத்தர் முணுமுணுத்துவிட்டு இருமுகிறார். டீச்சர் சிரிக்கவில்லை. எழுதியதை நிதானமாக வாசிக்கிறார்: “தொட்டிகள் அழுக்காகாமல் தலைமையாசிரியர் அறையில் உள்ளன. ஆகவே குப்பை மைதானத்தில் உள்ளது. தவறு என்னுடையதல்ல.” பிறகு எழுந்து, மேல்தொட்டியின் உறையை நீளமாகக் கிழிக்கிறார். தலைமையாசிரியர் கொடுத்த மன்னிப்புக் கடித மாதிரியைக் கசக்கி அதற்குள் போடுகிறார். “டீச்சர், அது புதுசு” என்கிறார் தலைமையாசிரியர். எழுத்தர் பசைக் குப்பியை மெல்ல நகர்த்தித் தருகிறார். டீச்சர் எழுதியதைக் கடித உறையிலிட்டு, அதன் வாயை அழுத்தி ஒட்டி, தொட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் இறங்குகிறார். வாசலோரத் தபால்பெட்டிக்குள் கடிதம் தொப்பென்று விழுகிறது. தொட்டியை அதன் கீழேயே வைக்கிறார்.