மணல் ஒட்டாத செருப்பு

பூவார் கடற்கரைக்குப் போய்ப் படகில் சுற்றிவிட்டு வந்ததாகச் சொன்ன பிள்ளையின் செருப்பில் ஒரு பொட்டு மணல் இல்லை. ரெஜிலா இரண்டையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

“போட்டுல போனியளா மக்கா?”

சானு முதலில் அப்பாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் “ஆமா” என்று தலையை ஆட்டினாள். சஜன் சட்டையைக் கழற்றும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இது மூன்றாவது சனிக்கிழமை. பள்ளிக்கு வேனல் லீவு விட்டதிலிருந்து சஜன் சனிக்கிழமைகளில் வயரிங் வேலைக்குப் போவதில்லை. மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பாறசாலை துணிக்கடையில் நிற்கும் ரெஜிலாவுக்கு அன்றைக்கு மட்டும் லீவு கிடைக்காது. தெரிந்தே தேர்ந்தெடுத்த நாள்தானே அது?

போதாக்குறைக்கு இப்போதெல்லாம் அப்பாவும் மகளும் மூலையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறார்கள். ஒரு சத்தம் வெளியே வருவதில்லை. அவளைக் கண்டால் அதுவும் நின்றுவிடும்.

மறுநாள் சானுவுக்கு ஆறாவது பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள், பலூன்கள், கேக். ரெஜிலா அடுப்பங்கரையில் நின்றபடி ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சஜன் போனில் எதையோ காட்ட, சானு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சஜனின் அக்கா ஆனந்தபாய் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். இறைச்சி அடிப்பிடித்த மணம் அப்போதுதான் ரெஜிலாவின் மூக்கில் ஏறியது.

“எட்டி ரெஜிலா, குக்கர் கெடந்து பத்து விசில் அடிச்சாச்சு. பக்கத்துல நின்னுக்கிட்டு என்னத்த யோசிக்க?”

“மனசு இங்க இருந்தாத்தானே மைனி” என்றாள் ரெஜிலா.

கேக் வெட்டுவதற்கு முன் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்தபோது, அவள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மேசைமேல் கிடந்த சஜனின் போன் வெளிச்சம் காட்டியது. அஜிஷா என்று ஒரு பெயர். கீழே, ‘சனியாழ்ச்ச மூணு மணிக்கு வாங்க. மோளையும் கூட்டிக்கிடுங்க.’

யாரோ ஆமென் சொன்னார்கள். ரெஜிலா சொல்லவில்லை.

அக்காவை பஸ் ஏற்றிவிட சஜன் போன நேரத்தில் அவள் அவனுடைய சட்டைப்பைகளைத் துழாவினாள். பீரோவைக் கலைத்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சேலைகளுக்கு அடியில் அவளே ஒளித்து வைத்திருந்த நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் எப்படியோ மேலே வந்து கிடந்தது. அந்த டாக்டர் சொன்னதை அவள் இன்றுவரை ஒருத்தரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. சீட்டை மறுபடி அடியில் தள்ளிவிட்டுப் பீரோவைப் பூட்டினாள். அவளுக்கு இப்போது அதுவா பெரிது?

அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று சொல்லி மதியமே கடையிலிருந்து இறங்கினாள். ஆட்டோ பிடித்து வீட்டுத் தெருமுனையில் காத்திருந்து, சஜனின் ஸ்கூட்டர் கிளம்பியதும் பின்னால் விடச் சொன்னாள். பூவார் வந்தது. போட்டு ஏறும் கடவில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஸ்கூட்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோட்டுகாலுக்கு விட்டது.

ஒரு சந்துக்குள் ஓட்டு வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. எங்கே நிறுத்த வேண்டும் என்று ஆட்டோக்காரர் மூன்றாம் தடவை தலையைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரெஜிலா அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இங்கதான், இங்கதான்.”

ஜன்னல் திறந்து கிடந்தது. பாயில் சானு. நாற்காலியில் சஜன். வாசலுக்கு முதுகைக் காட்டி, அவனுக்கு எதிரே ஒரு சின்ன வயதுக்காரி. அவள் சஜனின் வலது கையைத் தன் கைக்குள் எடுத்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள், விரித்தாள். சஜன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

ரெஜிலாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“இதாக்கும் உங்க பூவார் போட்டு, இல்லியா? பெத்த பிள்ளையக் காவல் வச்சுக்கிட்டு! எட்டி, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?”

சஜன் விலுக்கென்று எழுந்தான். சானு பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் மட்டும் திரும்பவே இல்லை. அவ்வளவு கூச்சலுக்கும் அவள் முதுகு அசையவில்லை. எதிரே இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள். ரெஜிலாவைக் கண்டதும் சிரித்துக் கைகூப்பினாள்.

“அஜிஷா டீச்சராக்கும்” என்றான் சஜன். “பெறந்ததுலேருந்தே அவியளுக்குச் செவி கேக்காது. கையால பேசப் படிப்பிக்கியாவ.”

ரெஜிலாவுக்கு அவன் சொன்னதில் பாதிதான் பிடிபட்டது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

“கேக்காதவிய பேசுத பேச்சு உங்களுக்கு என்னத்துக்கு?”

சஜன் கண் நிறைந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சானுதான் மெல்ல வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தாள். இரண்டு கன்னத்தையும் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னாள்.

“அம்மைக்கு மொத்தமும் செவி கேக்காம ஆவதுக்கு முன்ன, நாங்க படிச்சிரணும்லா?”