கடைசிப் பாடம் வரை

அக்கா வீட்டுக் கதவைத் திறந்தவள், சங்கிலியை மட்டும் எடுக்கவில்லை. வெளியே கணவன் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

"பாரு! மாத்திரையை விடறதுக்கு நீ அனுப்பின ஆன்லைன் பயிற்சி. பன்னிரண்டு பாடமும் முடிச்சாச்சு. சர்டிபிகேட்டே குடுத்துட்டான்."

லாரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க ஆரம்பித்த மாத்திரை அது. சும்மா இருக்கும்போதும் அவனால் விட முடியவில்லை. "பயிற்சியை முடிங்க, அப்புறம் பாப்பாவோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பி வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஒரு வரி விடல. ஆசை வந்தா தண்ணி குடிக்கணும், வெளிய போய் நடக்கணும், நம்பிக்கையானவங்களுக்கு போன் பண்ணணும். கேளு, தலைகீழா ஒப்பிக்கிறேன்."

உள்ளே மகள் செருப்பை மாட்டிக்கொண்டு குதித்தாள். "அப்பா பாஸா? வீட்டுக்குப் போலாமா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்டா செல்லம்!"

மனைவி இன்னும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு ஒரு பாடம்னு போட்டிருந்துச்சே?"

"அது மத்தவங்களுக்கு. அவங்கவங்க வேகத்துல முடிக்கலாம்னும் போட்டிருக்கான்."

"நான் வீட்டை விட்டு வந்ததே முந்தாநாள்தாங்க."

"அதைத்தான் சொல்றேன்! கண்ணைக்கூட மூடல. உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கல."

அவள் குனிந்து மகளின் செருப்பைக் கழற்றினாள்.

"நம்பலையா?" அவன் கதவிடுக்கில் முகத்தை வைத்தான். "வேணும்னா முதல்லேர்ந்து இன்னொரு தடவை முடிச்சுக் காட்டறேன். இன்னும் நாலு மாத்திரை மிச்சம் இருக்கு."