இன்னும் ஒரு டஜன்

"இன்னும் ஒரு டஜன் போடு தம்பி. முழங்கை வரைக்கும் போனாலும் பரவால்ல" என்றாள் திலகவதி.

"இதுக்கு மேல போட்டா வளைகாப்புப் பொண்ணு மாதிரி ஆயிடும்க்கா" என்று சிரித்தான் வசந்தகுமார்.

"ஆவட்டுமே! நல்ல வார்த்ததான சொன்ன? பச்சையும் செவப்புமா கலந்து போடு."

வசந்தகுமார் நடத்துவது வளையல் கடை இல்லை. புதுவாயல் கூட்டுரோட்டில் போட்டோ ஸ்டுடியோ. அவன் மௌஸை நகர்த்த நகர்த்த, கம்ப்யூட்டர் திரையில் நர்மதாவின் வலது கையில் கண்ணாடி வளையல்கள் ஏறிக்கொண்டிருந்தன.

நர்மதா திலகவதியின் ஒரே மகள். கல்யாணமாகி அமெரிக்கா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஊர்க் குடியுரிமை உள்ளவனைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு, எடுத்தவுடன் நிரந்தரமாகவா கிரீன் கார்டு கொடுத்துவிடுவார்கள்? முதலில் இரண்டு வருஷத்துக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். பிறகு, இது கார்டுக்காகப் பண்ணிக்கொண்ட கல்யாணம் இல்லை, நிஜக் கல்யாணம்தான் என்று சாட்சி காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முந்தாநாள் போனில் நர்மதா சொல்லியிருந்தாள். "கல்யாண போட்டோ, வள்ளூர் பெரியம்மா ஊட்டு கிரகப்பிரவேச போட்டோ, எல்லாத்தையும் அனுப்பும்மா. எதையும் அழகு பண்ணாத. இருக்கறத இருக்கற மாதிரியே அனுப்பு."

இருக்கிற மாதிரியே அனுப்புவதாவது! வெள்ளைக்காரன் உட்கார்ந்து பார்க்கப்போகிற போட்டோ. பெற்றவள் அப்படியே விட்டுவிடுவாளா?

கல்யாணப் படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கிரகப்பிரவேசப் படம்தான் திலகவதிக்கு உறுத்தியது. போன தை மாதம் மகளும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்திருந்தபோது வசந்தகுமாரே எடுத்தது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, தோளில் கை போட்டபடி மாப்பிள்ளை பரத். ஆனால் நர்மதாவின் வலது கை மட்டும் மொட்டை. மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன கறுப்பு வேறு. அன்றைக்குக் கேட்டதற்கு, "கார் கதவுல மாட்டிக்கிச்சிம்மா, வளையல் போட்டா வலிக்குது" என்றிருந்தாள்.

"வெறுங்கையா நிக்கறாளே, இன்னா கல்யாணம் இதுன்னு அந்த ஆபீசர் கேக்க மாட்டானா? அவ திரும்பி வந்துட்டா ஊர்ல நாலு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று வசந்தகுமாரிடம் அங்கலாய்த்தாள் திலகவதி.

"இந்த வளையல் சைஸ் கொஞ்சம் பெருசுக்கா. கழட்டிட்டு வேற போடறேன்."

"ஐய! கழட்டறேன்னு சொல்லாத, மாத்தறேன்னு சொல்லு!" திலகவதி பதறிப்போனாள். "வாழற பொண்ணு கை."

"சரிக்கா, சரிக்கா. மாத்தறேன். மொகத்தையும் லேசா சிரிச்ச மாதிரி ஆக்கிடட்டுமா?"

"அதெல்லாம் கூட வருமா? பண்ணேன்!"

வந்தது. கறுப்பு மறைந்து, கை நிறைந்து, நர்மதா வாய் கொள்ளாமல் சிரித்தாள். திலகவதி அங்கேயே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, பக்கத்துக் கடையில் இரண்டு டீக்கும் சொல்லிவிடச் சொன்னாள். டீ வருவதற்குள் நர்மதாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ம்மா, இதுல வளையல் எப்படி வந்துச்சி?"

"நான்தான்டி போடச் சொன்னேன். மகாலட்சுமி மாதிரி இருக்க பாரு!"

திலகவதி திரையை இன்னொரு தரம் பெருமையாகப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாடி கண்ணு? மாப்ள பாத்தாரா? இன்னா சொன்னாரு?"

"நான் அவர உட்டு வந்து மூணு மாசம் ஆவுதும்மா."

"இன்னாடி சொல்ற?"

"உன் கார்டு என் கையிலதான் இருக்குன்னு சொல்லிச் சொல்லியே அடிச்சாரும்மா. இப்ப கார்டு பேப்பர்ல கையெழுத்து போட மாட்டேங்கறாரு. நெஜமாத்தான் கட்டிக்கினேன், அவருதான் அடிச்சாருன்னு காட்டுனா, நான் தனியாவே கார்டு கேக்கலாமாம். வக்கீல் சொன்னாங்க. அதுக்குத்தான் அந்த போட்டோவக் கேட்டேன்."

"கார் கதவுன்னியேடி..."

"கார் கதவுக்கு அஞ்சு வெரலு இருக்குமாம்மா?"

திலகவதி திரையில் வளையல் மூடியிருந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அன்னிக்கே உன்கிட்ட சொல்ல வந்தேன். பந்தி நடந்துகினு இருக்கு, அப்பறம் சொல்லுன்ன."

திலகவதி அப்படிச் சொன்னாள்தான். பாயசத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

"இன்னாக்கா, பாப்பாவுக்குப் புடிச்சிருக்காமா?" என்றான் வசந்தகுமார். "பிரேம் போட்டுத் தந்துடவா?"

திரையில் நர்மதா, அவன் வரைந்த சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். திலகவதி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு கையில இருக்கற வளையல எல்லாம் கழட்டிடு தம்பி."