மாலுமியார் வீட்டுக் கல்

"சீமெந்துக் கலவை இறுகுது அக்கா! கல்லைப் பதிக்கட்டோ, விடட்டோ?"

வாசல் கேற்றடியில் கரண்டியோடு நின்ற மேசன் சுபாஸ் மறுபடியும் கேட்டுவிட்டான். பாவம், றிஸ்மியா என்ன சொல்வாள்? 'மாலுமியார்' என்று பொறித்த கருங்கல்லுக்குக் குறுக்கே அவளுடைய வாப்பாவின் அண்ணன், பெரியவாப்பா சுபைர் ஹாஜியார் மலைபோல நின்றுகொண்டிருந்தார்.

"பதிக்கேலாது. பொம்பிளைப் பிள்ளை கட்டின வீட்டிலை எங்கடை பேர் ஏறக்கூடாது. பேர் ஆம்பிளை வழியிலைதான் வரும், மகள். நீ முடிச்சது புத்தளத்து மாப்பிள்ளையை. அவன்ரை பேரைப் போடு."

"உங்கடை மகன்மார் எல்லாரும் கொழும்பிலை இருக்கினம், பெரியவாப்பா. இடிஞ்ச வீட்டைக் கட்ட ஒருத்தரும் வரேல்லை. நான்தானே வந்தன்?"

"கட்டினது நீதான். இல்லையெண்டு சொன்னனோ? வீடு வேறை, பேர் வேறை."

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போன குடும்பம் அது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் கண்மூடும் வரைக்கும் றிஸ்மியாவின் வாப்பாவுக்கு ஒரே ஆசைதான். அந்தப் பெயரைத் திரும்பவும் யாழ்ப்பாணத்து வீட்டுக் கேற்றில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அவளும் கணவனும் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டைக் கட்டி முடித்தார்கள். இன்று குடிபுகும் நாள். லண்டன் வரைக்கும் சிதறிப்போன மாலுமியார்கள் எல்லோரும் முற்றத்துப் பந்தலில் கூடியிருக்கிறார்கள். பெயரில்லாத கேற்றுக்குள்ளா குடிபுகுவது?

ஹாஜியார் விரலை ஆட்டினார். "என்ரை சொல்லை மீறிக் கல்லு ஏறிச்செண்டால், ஒருத்தரும் சோத்திலை கை வைக்காமல் எழும்பிப் போவம். சொல்லிப்போட்டன்."

மூத்தவர் எழுந்தால் மற்றவர்களும் எழும்பத்தானே வேண்டும்! விருந்துக்கு வந்தவர்கள் பசியோடு படியிறங்கினால் அதைவிட மானக்கேடு உண்டா?

"கொஞ்சம் பொறு தம்பி" என்றாள் சுபாசிடம்.

"நான் பொறுப்பன் அக்கா. கலவையெல்லோ பொறுக்காது!"

அந்த நேரம் பந்தலுக்குள் இருந்து மௌலவியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "துஆவுக்கு முன்னம், குடும்பத்து மூத்தவர் எங்கடை ஹாஜியார் வந்து நாலு வார்த்தை கதைப்பார்."

ஹாஜியாருக்கு மைக் என்றால் சொல்லவா வேண்டும்! தொப்பியைச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குள் பாய்ந்தார். அடுத்த நிமிடம் தெருமுனை வரைக்கும் அவர் குரல் முழங்கியது.

"எங்கடை மூதாதை காயல்பட்டினத்திலை இருந்து கப்பல் ஓட்டிக்கொண்டு வந்தவர். காத்தைப் பாத்துக் கடலிலை வழி சொல்லுற மாலுமி! அதாலைதான் எங்களுக்கு இந்தப் பேர். இதே வளவிலைதான் அவரும் குடியிருந்தவர். அல்லாஹ் அவருக்குக் குடுத்தது ஒரேயொரு பிள்ளை! அந்த ஒத்தைப் பிள்ளையிலை இருந்து வந்த நாங்கள் இண்டைக்குப் புத்தளம், கொழும்பு, லண்டன் எண்டு எங்கைதான் இல்லை? பேரெண்டால் இதெல்லோ பேர்!"

"மாஷா அல்லாஹ்!" பந்தலே அதிர்ந்தது. கேற்றடியில் நின்ற றிஸ்மியாவுக்கும், அவ்வளவு கவலைக்குள்ளும் உடம்பு புல்லரித்தது.

"மௌத்தானவையின்ரை பேருகளை வரிசையாச் சொல்லுங்கோ ஹாஜியார், துஆவிலை சேர்ப்பம்" என்றார் மௌலவி. "முதலாவது?"

"சேகு இஸ்மாயில் மாலுமியார்."

"அடுத்தது, அவரின்ரை பிள்ளை?"

சின்ன வயதிலிருந்து வருசாவருசம் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதும்போது ஒப்புவித்து ஒப்புவித்து வாய்க்குப் பழகிப்போன பெயர். ஹாஜியார் யோசிக்கவே இல்லை. மைக்கை வாயோடு பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கணீரென்று சொன்னார்:

"செய்னம்பு நாச்சியார்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் போட்ட குரவையில் பந்தல் கிடுகிடுக்க, றிஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுபாசின் பக்கம் திரும்பினாள்.

"வை தம்பி, கல்லை!"