வலைக்கு ஆயிரம் கண்

மணலில் காய்ந்துகொண்டிருந்த சின்ன வலையிடம் ஓர் அளவுகோல் வந்தது. கடலில் மீன் குறைந்துபோனதற்கு யார் காரணம் என்று கண்டுபிடித்து எழுதுவது அதன் உத்தியோகம்.

“அசையாதே” என்று அதட்டிவிட்டு, வலையின் கண்களை ஒவ்வொன்றாக அளந்தது. கடைசியில் ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டது.

“இது ஒரு நூல் அளவு சின்னதாக இருக்கிறது. குஞ்சு மீன் மாட்டிக்கொள்ளும். கடல் அழிவதே உன்னால்தான். இனி நீ தண்ணீரில் இறங்கக் கூடாது.”

“ஐயா, அதை நேற்று ஒரு நண்டு கிழித்துவிட்டது. திரும்ப முடிச்சுப் போட்டதில் கொஞ்சம் சுருங்கிவிட்டது” என்றது வலை. “அதோ, விசைப்படகு இழுத்துக்கொண்டு போகிறதே பெரிய வலை, அதன் கண்ணில் கொசுகூட நுழையாது. குஞ்சும் முட்டையுமாக வழித்துக்கொண்டு போகிறது. அதை அளந்தீர்களா?”

“அது தண்ணீருக்குள் இருக்கிறது. நனைந்தால் என் எண்களெல்லாம் அழிந்துவிடும்.”

“கரைக்கு வந்ததும் அளக்கலாமே?”

“அது பெரிய இடம். முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போவோம். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு வலையும் இருக்காது. வலையே இல்லாத இடத்தில் என்ன குற்றம் எழுதுவது?”

வலை தன் ஆயிரம் கண்ணாலும் அதை ஏற இறங்கப் பார்த்தது. அளவுகோலின் உச்சியில் வட்டமாக ஓர் ஓட்டை தெரிந்தது.

“உங்களுக்கும் ஒரு கண் இருக்கிறதே ஐயா!”

அளவுகோல் பெருமையாக நிமிர்ந்தது.

“அது பார்ப்பதற்கு இல்லை. ஆபீஸ் ஆணியில் தொங்குவதற்கு.”